யவனரும் நம் கடற்கரையும்



ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் முதல் 25ஆம் நாள் வரை உலக மரபு வாரம் கொண்டாடப்பெறுகிறது. அந்நாள்களில் நம் பள்ளிகள் சிலவற்றில் பழம்பொருட் கண்காட்சி வைப்பதும், அதனையொட்டி மாணவர் சொற்பொழிவு ஆற்றுவதும் உண்டு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஆகையால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இத்தகைய கண்காட்சிகளைப் பார்வையிட என்னையும் அழைப்பார்கள். அங்கே கிரேக்கப் பண்பாடு என்ற தலைப்பில் ஒரு மேசை இருந்தால், அதன்மேல் தெர்மக்கோலில் வெட்டிய பார்த்தினன் கோயிலும், அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய தலைக்கவசமும், அலெக்சாந்தரின் படமும், ஒலிம்பிக் வளையங்களும் வரிசையாக வீற்றிருக்கும். பிள்ளைகள் கையில் கோலுடன் நின்று சாக்ரடீசின் பெருமையை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.

இவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஏதென்சு நமக்குத் தெரியாத ஊர். மரக்காணமோ திண்டிவனத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர்த் தொலைவில் இருக்கிறது. அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது. விழுப்புரத்தில் காலையில் பேருந்து ஏறினால் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். கிரேக்கருக்கும் நமக்கும் இருந்த உறவை அறிய இவ்விரண்டு இடங்களே நமக்கு வாயில்கள். அந்த மேசையில் எவற்றை வைக்கலாம், வைத்த பொருளைக் கொண்டு எவ்வளவு சொல்லலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி. ‘எவ்வளவு’ என்ற சொல்லைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

தம் நாட்டை விட்டுச் சென்று வேற்று நாடுகளில் குடியேறிய கிரேக்கர், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலும் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் தம் மரபுத் திருவிழாவை நடத்துகின்றனர். ஆடல், பாடல், உணவு, கண்காட்சி, சொற்பொழிவு எல்லாம் அங்கே உண்டு. அவர்களுக்குப் பாட்டியின் பூவேலைத் துணியே காட்சிப்பொருள், உயிருள்ள மரபு. நம் நாட்டிலும் கல்கத்தாவில் வணிகம் செய்த கிரேக்கர் குடியிருந்தனர். காளிகட்டத்தில் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் உள்ளது. தமிழ்நாட்டிலோ அப்படியொரு குடிமரபு தொடர்ந்து வரவில்லை. நமக்குக் கிடைப்பன ஓட்டுச்சில்லுகளும், காசுகளும், பாட்டு வரிகளும், சில சொற்களுமே. அவை தாமே பேசமாட்டா. அவற்றின் அருகே நாம் எழுதி வைக்கும் சீட்டுத்தான் பேசும். எனவே சீட்டு எழுதுகிறவன் சாட்சிக் கூண்டில் நிற்பவனைப் போன்றவன்.

முதலில் ‘யவனர்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். சின்ன ஆசியாவின் மேற்குக் கரையில் அயோனியா என்றொரு பகுதி. அங்கு வாழ்ந்த கிரேக்கரைப் பாரசீகர் ‘யௌனா’ என்றனர். அச்சொல் வடமொழியில் யவனர் என்றும், பிராகிருதத்தில் யோனர் என்றும் வழங்கித் தமிழுக்கும் வந்தது. தொடக்கத்தில் கிரேக்கரைக் குறித்த சொல், பின்னர் ரோமானியப் பேரரசின் குடிகளாக மேற்குக் கடல்வழியே வந்த எல்லாரையும் குறித்தது. அவருள் எகிப்தியர் இருந்திருப்பர், சிரியர் இருந்திருப்பர். இன்னும் பிற்காலத்தில் யோனகர் என்பதிலிருந்து வந்த ‘சோனகர்’ என்ற பெயர் அராபியரையும் முஸ்லிம் வணிகரையும் குறிக்கலாயிற்று. ஆகவே சங்கப் பாட்டில் யவனர் என்று கண்டவுடன் ‘கிரேக்கர்’ என்று பொருள் எழுதுவது பாதி உண்மையே. கிரேக்க மொழி பேசிய எகிப்து நாட்டு வணிகர் என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அத்தகைய வணிகர் ஒருவர் எழுதிய கையேடு நமக்குக் கிடைத்துள்ளது. ‘எரித்ரையக் கடலின் பெரிப்ளஸ்’ என்பது அதன் பெயர். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் தம் பெயரைக் குறிக்கவில்லை. எந்தத் துறைமுகத்தில் என்ன விலைபோகும், எங்கே பாறை உண்டு, எந்தத் திங்களில் புறப்பட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். நம் கீழைக் கடற்கரைக்கு வரும்போது மூன்று துறைகளை வரிசையாகக் குறிக்கிறார்: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா என்பதைக் காவிரிப்பூம்பட்டினம் என்று அறிஞர் பலர் கொள்வர். பொதுகே என்பது புதுச்சேரிப் பகுதி, அதாவது அரிக்கமேடு. சோபட்மா என்பதே நம் மரக்காணம் என்பர்.

இந்தக் கடைசி முடிவுக்கு எப்படி வந்தனர் என்பது நீங்கள் அறியவேண்டிய ஒன்று. சோபட்மா என்பதைச் ‘சோபட்டினம்’ என்று படிக்கலாம். ‘சோ’ என்பது மதிலைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கடற்கரை ஊரை ‘எயிற்பட்டினம்’ என்கிறது. ‘எயில்’ என்பதும் மதிலே. ஆக, இரு பெயரும் ‘மதில் சூழ்ந்த பட்டினம்’ என்ற ஒரே பொருளைத் தருகின்றன. ஓய்மா நாடு இன்றைய திண்டிவனப் பகுதி. அப்பாட்டு நல்லியக்கோடனைக் கிடங்கில் என்ற ஊரின் தலைவன் என்கிறது. இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிய கிடங்கல் என்னும் பகுதியே அவ்வூர். தலைநகரின் இருப்பும், பாணன் செல்லும் வழியும், கிரேக்கர் தந்த வரிசை முறையும், பெயரின் பொருளும் ஒன்றுக்கொன்று இயைகின்றன. ஒரு கண்காட்சிச் சீட்டில் ‘மரக்காணம் என்று கருதப்படுகிறது’ என்று நான்கு சொற்களுக்குள் அடங்கிவிடும் செய்திக்குப் பின்னால் இவ்வளவு நூல்கள் பின்னிக் கிடக்கின்றன.

இனி ஒரு தடையை எழுப்புகிறேன். ஒருமுறை ஒரு மாணவர், ‘கிரேக்கர் கப்பல்கள் மரக்காணத்தில் நங்கூரமிட்டன, அவர்கள் இங்கே குடியேறி நம் துறைமுகத்தைக் கட்டினர்’ என்று அழகிய எழுத்தில் அட்டை எழுதி வைத்திருந்தார். தம் ஊருக்குப் பெருமை சேர்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு. பெரிப்ளஸ் நூல் சொல்வது என்ன? இத்துறைகளில் மேலைக் கரை வரை கரையோரமாகச் செல்லும் உள்நாட்டுக் கலங்கள் உண்டு. பெருமரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் கலங்கள் உண்டு. கங்கை முகத்துக்கும் அதற்கு அப்பாலுள்ள பொன்னாட்டுக்கும் செல்லும் மிகப் பெரிய கலங்களும் உண்டு என்கிறது. எகிப்திலிருந்து மேலைக் கரைக்கு வரும் பண்டங்களில் பலவும் இங்கு வந்து சேர்கின்றன என்றும் சொல்கிறது. கிரேக்கக் கப்பல் இங்கே வந்தது என்று அவ்விடத்தில் அது சொல்லவில்லை. வந்திருக்கலாம், ஆனால் அந்நூல் அதற்குச் சாட்சி இல்லை. அது சாட்சி கூறுவது நம் மாலுமிகளுக்கு, நம் கலங்களுக்கு! அந்த மாணவர் தம் ஊருக்குப் பெருமை தேடிப் போய், உள்ள பெருமையை அயலாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

சிறுபாணாற்றுப்படையும் எயிற்பட்டினத்தைப் பாடும் இடத்தில் யவனரைக் குறிப்பிடவில்லை. அலைகள் கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. நுளையர் மகளிர் அக்கட்டைகளையே விறகாக எரிக்கின்றனர். அவர்கள் வடித்த பழைய தேறலைப் பரதவர் பாணனுக்கு ஊட்டுகின்றனர். நறுமண மரம் அடுப்பெரிக்கும் விறகாகும் கடற்கரை! எங்கோ தொலைவிலிருந்து அலை சுமந்து வந்த மரம் அது. ஒட்டகமோ நம் நெய்தல் நிலத்து விலங்கன்று. எனினும் கேட்பவர் அது படுத்துறங்கும் வடிவத்தை அறிவர் என்று புலவர் நத்தத்தனார் நம்புகிறார். ஆகவே அந்தக் கரை உலகத்தை அறிந்த கரை. இதற்குமேல் சென்று, ஒட்டகம் கப்பலில் வந்து மரக்காணத்தில் இறங்கியது என்று எவரும் எழுதிவிட வேண்டாம்.

அரிக்கமேட்டின் கதை இன்னும் சுவையானது. அந்த ஆற்றங்கரையில் பழஞ்சுவர்கள் தெரிவதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு வானியலறிஞர் குறித்துள்ளார். பின்னர் நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. ஊர்ச் சிறுவர்கள் மட்டும் மழை பெய்து ஓய்ந்தபின் அங்கே வண்ண மணிகளைப் பொறுக்கி விளையாடி வந்தனர். புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ழுவோ துப்ரேய் என்ற பேரறிஞருக்கு 1937இல் அச்சிறுவர்கள் வழியாகத் தலையுருவம் செதுக்கிய சிறு மணிக்கல் ஒன்று கிடைத்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என்று அவர் கருதினார். பாருங்கள், உலக வரலாற்றின் ஒரு பக்கத்தை முதலில் திறந்தவர்கள் மணி பொறுக்கிய பிள்ளைகள்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு மட்கலத்தின் உடைந்த பகுதியைக் கண்டு திகைத்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் அவர் பழகியறிந்த ‘ஆம்போரா’ என்னும் மதுச்சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவை. எங்கே கிடைத்தது என்று கேட்டார், அரிக்கமேடு என்றனர். அடுத்த ஆண்டே, அதாவது 1945இல், அங்கே அகழாய்வு நடத்தினார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிறகு 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் அங்கு ஆராய்ந்தனர்.

ஆம்போராவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிரேக்கர் மேசையில் முதலிடம் பெறவேண்டிய பொருள் அதுவே. நீண்ட கழுத்து, இருபுறமும் கைப்பிடி, அடிப்பகுதி கூராக முடியும். தரையில் நிற்காத சாடியை ஏன் செய்தார்கள் என்று கேட்பீர்கள். கப்பலின் அடித்தட்டில் ஒன்றன் தோளிடையே மற்றொன்றின் கூர்முனையைச் செருகி அடுக்குவதற்கு அவ்வடிவமே ஏற்றது. மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் அதில் வந்தன. அரிக்கமேட்டில் கிடைத்த சாடிகளில் ஒரு வகைக்குக் கைப்பிடி இரட்டைக் கோலாக இருக்கும். இரண்டு களிமண் கோல்களை ஒட்டவைத்து வளைத்தது போன்றிருக்கும். அது கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் முறை. மருத்துவ மேதை ஹிப்பாக்ரட்டீசு பிறந்த தீவு அது. அத்தீவார் மதுவில் கடல்நீரைக் கலப்பது வழக்கம். (நம் நாவுக்கு அது பிடித்திருக்குமா என்பது ஐயமே.) கோஸ் தீவின் முறையைப் பார்த்து இத்தாலியரும் அவ்வாறே சாடி செய்தனர் ஆதலால், சீட்டில் ‘கோஸ் தீவின் முறையில் அமைந்த மதுச்சாடி’ என்று எழுதுவதே நேர்மை.

வீலருக்கு இதைவிடப் பெரும் பயன் தந்தது ‘அரிட்டைன்’ என்னும் பளபளப்பான செந்நிற மட்கலம். இத்தாலியின் அரெசோ நகரில் செய்யப்பட்டது. செய்தவர் தம் பெயரை அடியில் முத்திரையாகக் குத்தியிருப்பர். அது எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது என்பது மேலைநாட்டில் நன்கு தெரியும். இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? வீட்டு மூலையில் நாளிதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வருகிறோம் என்று கொள்ளுங்கள். நடுவில் ஓர் இதழில் மட்டும் தேதி தெரிகிறது. மற்றவற்றில் தேதி கிழிந்துவிட்டது. தெரிந்த ஒன்றைக் கொண்டு அதன் கீழே உள்ளவை முந்தியவை, மேலே உள்ளவை பிந்தியவை என்று சொல்லிவிடலாம் அல்லவா? மண்ணடுக்கும் அப்படியே. அரிட்டைன் ஓடு கிடைத்த அடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டு என்று ஆனதும், அதே அடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பானைகளுக்கும் காலம் கிடைத்தது. அப்பானைகள் வேறு எந்தெந்த ஊர்களில் கிடைத்தனவோ அவ்வூர்களுக்கும் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு நாள்காட்டி மாட்டிய ஆணி அந்தச் சிவப்பு ஓடு.

இனி மூன்றாவது பொருளுக்கு வருகிறேன். அரிக்கமேட்டில் மிகுதியாகக் கிடைத்த இன்னொரு கலம் உண்டு. விளிம்பு உள்நோக்கி வளைந்த தட்டையான தட்டு. மென்மையான சாம்பல் அல்லது கருநிறம். உட்புற நடுவில் ஊசியால் குத்தியது போன்ற சிறு புள்ளிகள் வட்ட வட்டமாக வரிசையிட்டிருக்கும். கலம் சக்கரத்தில் சுழலும்போது ஒரு கருவியை அதிரவிட்டுச் செய்த வேலைப்பாடு இது. இதனை ‘ரௌலட்டட்’ கலம் என்பர். இந்த வேலைப்பாடு மேலைநாட்டு முறை ஆகையால் இக்கலங்களும் மேலைநாட்டிலிருந்து வந்தவையே என்று வீலர் கருதினார். அவர் 1946இல் வெளியிட்ட அறிக்கை அரிக்கமேட்டை ‘இந்திய ரோமானிய வாணிக நிலையம்’ என்று அழைத்தது. பாடநூல்களும் அவ்வாறே எழுதின. ரௌலட்டட் ஓடு கிடைத்த இடமெல்லாம் யவனர் வந்த இடம் என்றாயிற்று.

பிற்காலத்தில் அந்த ஓடுகளின் களிமண்ணை ஆய்வுக்கூடங்களில் சோதித்தனர். மண் மேலைநாட்டு மண் அன்று, இந்திய மண்! வங்கக் கழிமுகப் பகுதியின் மண்ணோடு ஒத்திருக்கிறது என்று ஓர் ஆய்வு கூறிற்று. இதே கலம் கிழக்கே இந்தோனேசியாவின் பாலித் தீவு வரையிலும் கிடைத்துள்ளது. யவனர் கொண்டுவந்தது என்று நாம் அரை நூற்றாண்டு சொல்லி வந்த கலம், இந்தியக் குயவர் செய்து இந்திய வணிகர் கடல் கடத்திய கலம் என்றாயிற்று. பெக்லி அம்மையாரின் ஆய்வும், ரோமானிய வாணிகத்துக்கு முன்னரே அரிக்கமேட்டில் மக்கள் வாழ்ந்தனர் என்றும், வீலர் முடிவு என்று கருதிய காலத்துக்குப் பின்னும் வாழ்ந்தனர் என்றும் காட்டியது. யவனர் வந்ததால் ஊர் உண்டாகவில்லை. ஊர் இருந்ததால் யவனப் பண்டம் வந்தது. அங்கே கிடைத்த ஓடுகள் சிலவற்றில் தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்டுள்ளன என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

இதனால் வீலர் பெருமை குறைந்துவிடாது. அவர் ஒவ்வோர் ஓட்டையும் எந்த அடுக்கில் எடுத்தார் என்று குறித்து வைத்ததனால்தான் பின்வந்தவர் அவரையே திருத்த முடிந்தது. கணக்கில் விடை தவறினாலும் வழியைத் தெளிவாக எழுதிய மாணவனுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததுண்டு.

ஓட்டைச் சோதித்த கண்ணாலேயே பாட்டையும் படிக்கவேண்டும். நக்கீரர் புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மதுவைப் ஒளிரும் வளை அணிந்த மகளிர் நாள்தோறும் வார்த்துத் தர அருந்துக என்று வாழ்த்துகிறார். அரிக்கமேட்டுச் சாடிக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டு எழுத இயலாது. அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனர் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீளும் காட்சியைத் தருகிறார். அதே செய்தியை ரோமானியர் பக்கத்திலிருந்து பிளினி வருத்தத்தோடு எழுதுகிறார்: ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதாம்! நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு வருகிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் அரசனுக்குக் காவல் நிற்கும் யவனர் வருகின்றனர். மணிமேகலையில் யவனத் தச்சர் வருகின்றனர். சிலப்பதிகாரம் புகாரில் அவர்தம் குடியிருப்பைக் காட்டுகிறது. யவனர் நம் நாட்டில் தங்கி வாழ்ந்தனர் என்பதற்கு ஓடுகளைவிடப் பாட்டுகளே நேரான சாட்சி. ஆனால் அச்சாட்சி புகாருக்கும் அரசன் பாசறைக்குமே செல்லும், மரக்காணத்துக்குச் செல்லாது. நட்பு மட்டுமே இருந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்துக் கையைப் பின்கட்டித் தலையில் நெய் பெய்து தண்டித்தான் என்று பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம் கூறுகிறது. இதனையும் மேசையில் வைக்கத்தான் வேண்டும்.

நம்மவர் அங்கே சென்றதற்கும் சான்றுகள் உள்ளன. எகிப்தின் செங்கடற்கரையில் குசேர் அல் காதிம் என்னும் இடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் உள்ளன. அங்கேயே கிடைத்த மற்றோர் ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் 2007இல் படித்துச் சொன்னார். உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள். பெரனிகே என்னும் துறைமுகத்தில் ஒரு கோயிலின் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. வீட்டுச் சமையற்கட்டில் பானை உறியில் தொங்குவதைக் கண்ட எவருக்கும் எகிப்து மணலில் அச்சொல்லைக் கேட்டால் மெய் சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது.

சொற்களுக்கென்று ஒரு பலகை வைப்பவர் உண்டு. அங்கேதான் மாணவர் மிகவும் துள்ளிவிடுகின்றனர். கிரேக்கச் சொல் எல்லாம் தமிழிலிருந்து சென்றவை என்று ஒரு நீண்ட பட்டியல் தொங்கும். உறுதியானவை சிலவே. சோதிடத்தில் வழங்கும் ஓரை, கேந்திரம் என்னும் இரண்டும் கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியே நமக்கு வந்தவை. (சங்கப் பாட்டில் மகளிர் ஆடும் ஓரை வேறு, அது விளையாட்டு.) நிலத்தடி வழியைக் குறிக்கும் சுருங்கையும், முல்லைப்பாட்டு யவனரோடு சேர்த்துச் சொல்லும் மத்திகை என்னும் சவுக்கும் கிரேக்கச் சொற்கள் என்று அறிஞர் கொள்வர். இங்கிருந்து சென்றவற்றில் மிளகைக் குறிக்கும் பெப்பெரி என்பது பிப்பலியிலிருந்து, அதாவது நம் திப்பிலியிலிருந்து, பிறந்தது. அரிசியிலிருந்து கிரேக்கரின் ஒரூசா வந்தது என்பதைப் பலரும் அடித்துக் கூறுவர். அது இன்னும் வழக்கில் உள்ள செய்தி. அதனைப் பென்சிலால் எழுதுங்கள், மையால் எழுதவேண்டாம்.

நம் பகுதியினர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு காட்சிப்பொருளையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் எல்லைக்கு அப்பாலுள்ள அரசரைக் குறிக்கும்போது, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று கூறி, அதே மூச்சில் யோன அரசன் அந்தியோகனையும் கூறுகிறார். அந்தியோகன் சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன். சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 1981இல் திருக்கோவிலூர் வட்டத்துச் சம்பை என்னும் ஊரில் ஒரு பாறையில் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று அது கூறுகிறது. அவ்வட்டம் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. ஔவை பாடிய அஞ்சியின் குடிப்பெயரும் கிரேக்க மன்னன் பெயரும் ஒரே கல்லில் வரிசையாக நின்றன என்பதை நம் ஊர்ப் பாறை ஒன்று விளக்கியது. இக்கல்வெட்டின் படம் ஒன்றையும், அசோகரின் கட்டளை கிரேக்க எழுத்திலேயே பொறிக்கப்பட்டு 1958இல் கந்தகாரில் கண்டெடுக்கப்பட்ட பாறையின் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். பார்ப்பவர் அவ்விடத்தில் நிற்பர்.

மேசை அமைப்பது எப்படி என்று இறுதியாகக் கேட்பீர்கள். உங்கள் ஊர்க் குயவரிடம் படத்தைக் காட்டி ஓர் ஆம்போரா வனைந்து தரச் சொல்லுங்கள். கூரடிச் சாடியை எப்படி நிறுத்துவது என்று அவர் கேட்கும் கேள்வியே ஒரு பாடம். ஒரு கிண்ணத்தில் மிளகும் ஒரு கிண்ணத்தில் திப்பிலியும் வையுங்கள். வருகிறவர் முகர்ந்து பார்க்கட்டும். தென்மேற்குப் பருவக்காற்று எத்திங்களில் வீசும், எகிப்திலிருந்து கப்பல் எத்திங்களில் புறப்படும் என்று காட்டும் கடற்படம் ஒன்று போதும். மெய்யான ஓடுகளைக் காணப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் எழும்பூருக்கும் சென்று வாருங்கள். அரிக்கமேட்டுக்குச் சென்றால் கண்ணால் மட்டும் பாருங்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஓர் ஓட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அது எந்த அடுக்கில் இருந்தது என்ற செய்தி அன்றோடு அழிந்தது. உங்கள் நிலத்தில் வரப்பு வெட்டும்போது காசுப் புதையல் கிடைத்தாலும் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

சொற்பொழிவு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எங்கே கிடைத்தது, யார் எடுத்தார், முன்பு என்ன எண்ணினர், இன்று என்ன எண்ணுகின்றனர் என்ற நான்கையும் சொன்னால் அவையோர் கேட்பர். சீட்டும் அவ்வாறே. ரௌலட்டட் கலத்தின் படத்துக்கு நான் எழுதித் தந்த சீட்டு இது: ‘தட்டின் உடைசல். அரிக்கமேடு. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையது. மத்தியதரைக் கடல் நாட்டிலிருந்து வந்தது என்று 1946இல் கருதப்பட்டது. களிமண் ஆய்வால் இந்தியாவில் செய்யப்பட்டது என்று பின்னர் அறியப்பட்டது.’ அதன் கீழே, சீட்டு எழுதிய ஆண்டையும் குறிக்கச் சொன்னேன்.